பத்து கேட்ட சுண்டுவிரல்

ஒரு மாட்டுச் சந்தையில் ஒரு சுண்டுவிரல் இருந்தது. தரகர் நாச்சிமுத்துவின் வலது கையில் அதுதான் கடைசி ஆள். உருவம் சிறிசு. வாய் மட்டும் சந்தை முழுக்கக் கேட்கும்.

அந்தச் சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு கைகளின் மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல் விரலைப் பிடித்து விலை பேசும். விற்கிறவன் இரண்டு மடங்கு கேட்பான், வாங்குகிறவன் பாதியில் நிற்பான், நடுவில் எங்கேயோ மாடு கைமாறும். சுண்டுவிரல் படித்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். எதையும் கூட்டிச் சொல், எதிராளி குறைக்கட்டும்.

ஒருநாள் மாரப்பன் என்ற விவசாயியின் காளைக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது காளை மிரண்டது. கயிறு இழுத்த இழுப்பில் சுண்டுவிரல் டெம்போவின் தகரத்தில் உரசிக் கிழிந்தது.

"போச்சு. இனி நான் மடங்க மாட்டேன். மடங்காத விரலுக்குச் சந்தையில என்ன வேலை? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, எமர்ஜென்சிக்கு" என்று அது அலறியது.

துண்டு பாய்ந்து வந்து அதை இறுக்கிச் சுற்றிக்கொண்டது. "கத்தாதேடா. நான் அழுத்திப் பிடிக்கிறேன், ரத்தம் நிக்குதா பார்ப்போம்."

ரத்தம் நின்றது. வாய் நிற்கவில்லை.

சந்தை வாசலிலேயே ஒரு சின்ன கிளினிக் இருந்தது. வெட்டுக்காயம், சுளுக்கு, காய்ச்சல் என்று வந்தால் அங்கேயே முடிந்துவிடும். பக்கத்தில் ஒரே ஒரு ஆம்புலன்ஸ் நிற்கும். தன் காளையால் வந்த வினை என்று மாரப்பனும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

கிளினிக்கின் தையல் ஊசி எட்டிப் பார்த்தது. ஆள் ஒல்லி, பேச்சும் அப்படியே.

"மடங்கு."

மடங்கியது.

"நுனியைத் தொடறேன். தெரியுதா?"

"தெரியுது."

"வலி, பத்துக்கு எவ்வளவு?"

வலித்தது என்னவோ ஐந்துதான். பழக்கம் விடுமா? "பத்து" என்றது சுண்டுவிரல். ஊசி நாலு என்று நிற்கும், இழுத்துப் பிடித்து ஆறில் முடிக்கலாம் என்று அதற்கு ஒரு கணக்கு.

ஊசிக்குப் பேரமே தெரியாது. "பத்தா? அப்படின்னா உள்ளே என் கண்ணுக்குப் படாதது ஏதோ இருக்கு. ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடு."

சுண்டுவிரலுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தையே பார்க்க, சைரன் போட்டுக்கொண்டு ஊர்வலம். மோதிரவிரல் பொறாமையில் புகைந்தது.

பெஞ்சில் இருந்த மாரப்பனின் நெஞ்சு மெதுவாக இருமியது. ஆம்புலன்ஸ் அதைப் பார்த்து, "உங்களுக்கு என்னங்கண்ணா?" என்றது.

"ஒண்ணுமில்லீங்க. வாயுப் பிடிப்பு. ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போயிரும். விரலைக் கூட்டிட்டுப் போங்க, பாவம்."

"வலி பத்துக்கு எவ்வளவுங்க?"

"ஒண்ணு போட்டுக்குங்க."

விடைகொடுக்க மாரப்பன் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்தார். சுண்டுவிரலுக்குச் சுருக்கென்றது. மாரப்பனின் கை சில்லென்று வேர்த்து வழிந்தது. துண்டுக்குள் எத்தனையோ பொய் விலைகளைத் தொட்டுப் பார்த்த விரல் அது. கூட்டிச் சொல்வது மட்டுமா அதற்குத் தெரியும்? குறைத்துச் சொல்வதும் தெரியும்.

"நெஞ்சண்ணே, யார்கிட்டப் பொய் விலை சொல்றீங்க? இடது தோள் வலிக்குதா?"

"லேசா."

"தாடை?"

"அதுவும் இழுக்குது. பெரிசா இல்ல."

"இப்பச் சொல்லுங்க, பத்துக்கு எவ்வளவு?"

நெஞ்சு தலைகுனிந்தது. "எட்டு இருக்கும்."

"குறைச்சுச் சொல்ற ஆளு எட்டுங்கறீங்க. ஊசியம்மா, வண்டி அவருக்கு. என் பத்தைத் திருப்பி எடுத்துக்கறேன்."

"அப்போ உனக்கு எவ்வளவு?" என்றது ஊசி.

"ஏழு."

ஊசி பேசாமல் பார்த்தது.

"சரி, அஞ்சு. அதுக்குக் கீழே கட்டாது."

"நான் ஒண்ணுமே கேட்கலையே."

"நீங்க பேசாம பார்த்தா எப்படிங்க? நாலுன்னே போடுங்க, இங்கேயே தைச்சு விடுங்க."

துண்டு சிரித்த சிரிப்பில் முடிச்சே அவிழ்ந்துவிட்டது. வாசலில் ஆம்புலன்ஸ் மாரப்பனை ஏற்றிக்கொண்டு பறந்தது. ஊசி சிரித்துக்கொண்டே தைத்தது. பிறகு தடுப்பூசியும் போட்டார்கள். சுண்டுவிரல் அழகாக மடங்கியது.

இதயக் குழாயில் இருந்த அடைப்பு நீங்கி, உடம்பு தேறி, மாரப்பன் மறுபடியும் சந்தைக்கு வந்தார். காளையைப் பற்றிப் பேச்சு எடுக்கும் முன்பே சுண்டுவிரல் துண்டுக்குள் புகுந்து, "நெஞ்சண்ணே, வலி எப்படி?" என்று கேட்டது.

நெஞ்சு "ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தது. சுண்டுவிரல் ஓர் அழுத்து அழுத்தியது.

"மேடு ஏறினா ரெண்டு. மாத்திரை போட்டாச்சு. டாக்டர் வரச் சொன்ன தேதிக்குப் போறேன்."

சுண்டுவிரல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தச் சந்தையில் சொன்ன விலைக்கே படிந்த முதல் வியாபாரம் அதுதான்.