கீரிக்குக் காவல் இருந்த மந்திரி

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டைப் பூபதிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். போர்க்களத்துக்கு அஞ்சாதவன், மாமியாருக்கு மட்டும் அஞ்சுவான். அவனிடம் பட்டு என்றொரு கீரிப்பிள்ளை இருந்தது. பெற்ற பிள்ளைகளைக்கூட அவ்வளவாகக் கொஞ்சாத மனிதன், அதைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் அரண்மனை முழுக்கத் திரிவான்.

மைத்துனன் கல்யாணம் வந்தது. "போன தடவை என் கிளியைத் தின்ற பிராணி என் வாசலை மிதிக்கக் கூடாது" என்று மாமியார் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டாள். பட்டுவோ ராஜா உடன் இல்லாவிட்டால் அவன் படுக்கையறையைத் தவிர வேறெங்கும் தங்காது. யாராவது அந்த அறையிலேயே இருந்து பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

"சாத்தப்பிள்ளை, நீர் இரும்" என்றான் ராஜா தன் மந்திரியிடம். "என் கட்டிலில் படுக்கக் கூடாது. மூடியிருப்பதைத் திறக்கக் கூடாது. வேறு யாரையும் உள்ளே விடக் கூடாது. தெரிந்ததா?"

"உத்தரவு, மகாராஜா."

கோனேரிக்கு வயிறு பற்றி எரிந்தது. ராஜாவின் வெற்றிலைப் பெட்டியைச் சுமக்கிறவர் அவர். தலை நரைத்துவிட்டது, இன்னும் அந்த அறையின் நிலைப்படிக்கு வெளியேதான் நிற்கிறார். நேற்று வந்த மந்திரி உள்ளே குடியிருப்பதா? அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜா கோனேரியையும் அரண்மனையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினான். சாத்தப்பிள்ளை சொந்தப் பாயையும் தண்ணீர்ச் செம்பையும் கொண்டுவந்து ஒரு மூலையில் போட்டுக்கொண்டார். கட்டில் பக்கம் போகவில்லை, மூடியிருந்த பலகாரப் பெட்டியைத் தொடவில்லை. அவருடைய மனைவியே, "ராஜா படுக்கிற கட்டில் தந்தக் கட்டிலாமே, ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேனே" என்று வந்து நின்றாள். "வீடு நம்முடையதல்ல, போம்மா" என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் அதன்பின் அவரோடு பேசவில்லை.

பட்டுதான் பாடாய்ப் படுத்திற்று. முட்டை வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்து இளைத்தது. செத்துவைத்தால் என்ன ஆவது? பயந்துபோன மந்திரி அறையைச் சுற்றிப் பார்த்தார். ராஜா தினமும் போர்த்துகிற பழைய சால்வை சுவர் முளையில் தொங்கியது. எடுத்துத் தம்மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பட்டு ஓடிவந்து அதற்குள் புகுந்துகொண்டது. அன்றைக்கே முட்டையும் தின்றது.

கல்யாணம் முடிந்து ராஜா திரும்பினான். நேராகப் படுக்கையறைக்கு ஓடி, "பட்டு! என் கண்ணு!" என்று கைகளை விரித்தான். மாமனார் வீட்டு அத்தரும் சவ்வாதும் அவன்மேல் கமகமவென்று வீசின. கீரி ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு சீறிற்று. பிறகு மந்திரியின் மடியிலிருந்த சால்வைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.

நாடு போயிருந்தால்கூட ராஜாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கோனேரி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "இதுமட்டுமா மகாராஜா? இவர் தங்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ராஜாவின் சால்வையைப் போர்த்துகிறவனுக்கு ராஜாவின் சிங்காசனத்தின்மேலும் கண் இருக்கும். இன்றைக்குக் கீரி, நாளைக்கு நாடு!"

"போர்த்தினாயா?" என்றான் ராஜா. 'நீர்' எல்லாம் போய்விட்டது.

"போர்த்தினேன். கேட்காமல் எடுத்தது என் தப்புதான்."

"சபையைக் கூட்டுங்கள்! இவன் தலையை வாங்கிவிட்டுத்தான் மறுவேலை!"

சபை கூடியது. கீரி சால்வையை விடாததால் அதையும் சேர்த்தே தூக்கிவந்தார்கள். சாத்தப்பிள்ளை நிதானமாகச் சொன்னார்.

"மகாராஜா, பட்டுவுக்கு என்மேல் பிரியமே கிடையாது. அதற்குப் பிரியம் இந்தச் சால்வையில் இருக்கும் தங்கள் வாசனைமேல். அதனால்தான் பட்டினி கிடந்த ஜீவன் சாப்பிட்டது. இதை யார் போர்த்தினாலும் அவர்களிடம் போகும்."

"புளுகு!" என்று துள்ளினார் கோனேரி. "என்னிடம் வருகிறதா பார்க்கலாம்!" ராஜாவின் வாயிலிருந்து உத்தரவு வரும்வரை பொறுக்க முடியவில்லை அவருக்கு. எத்தனை காலத்து ஆசை! சால்வையை வெடுக்கென்று பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

கீரி ஒரே தாவலில் அவர் தோளில் ஏறியது.

கோனேரிக்குத் தலைகால் புரியவில்லை. தாம் பொய்யென்று சொன்னது மெய்யாகிவிட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "பாருங்கள், பாருங்கள்! மந்திரியைவிட என்மேல்தான் பட்டுவுக்கு உயிர்!"

"மகாராஜா," என்றார் சாத்தப்பிள்ளை அடக்கமாக, "ராஜாவின் சால்வையைப் போர்த்துகிறவன் எதன்மேல் கண் வைத்திருப்பான் என்று கோனேரி சொன்னார்?"

சபை கொல்லென்று சிரித்தது. கோனேரி சால்வையை நெருப்பை உதறுவதுபோல் கீழே உதறினார். கீரியும் அதோடு குதித்தது. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சால்வைக்குள் சுருண்டு படுத்தது.

ராஜா மெல்ல இறங்கிவந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டான். பட்டு அத்தரை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது. மறுபடி முகர்ந்தது. பிறகு அவன் கழுத்தில் ஏறி, காதடியில் மூக்கை வைத்துக்கொண்டது. சபை பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் ராஜா அழுதான்.

கண்ணைத் துடைத்தபின் கோனேரியைப் பார்த்தான். "சால்வையை அவர் கதவு சாத்திய அறைக்குள் போர்த்தினார். வெளியே நிற்கிற நீ எப்படிப் பார்த்தாய்? என் படுக்கையறைச் சன்னலில் கண்ணை வைத்திருந்தாயோ? வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டுப் போ. இனி பட்டுவுக்கு முட்டை கொண்டுவருவதுதான் உன் வேலை."

மந்திரிக்கு முத்துமாலை போட்டான். "என் கீரி உம்மிடம் ஓடியதும் என் கண்ணை மறைத்துவிட்டது, பிள்ளை. பொறாமையில் உம் தலையை வாங்க இருந்தேனே! பிழைத்துவிட்டீர், முகம் ஏன் இப்படித் தொங்குகிறது?"

சாத்தப்பிள்ளை ராஜாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்றுமில்லை, மகாராஜா. இத்தனை நாள் ஊட்டி வளர்த்தேன். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லையே."