மூன்று வெள்ளரிப்பழமும் ஒரு கழுதையும்

எந்த ஆண்டு, எந்த மாதம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஏட்டில் அந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. அது விட்டுவைத்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வெள்ளிலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. காலையில் நடக்கத் தொடங்கினால் மதியச் சோற்றுக்குப் பக்கத்து நாட்டில் இருக்கலாம், அவ்வளவு பெரியது. அதை முல்லைக்கோன் என்ற அரசன் ஆண்டான்.

அவன் அவையில் தருக்கம் கற்ற புலவர்கள் இருவர். ஒருவர் பலவற்றைப் பார்த்து, எண்ணி, அங்கிருந்து ஒரு பொது விதிக்கு ஏறுவார். மற்றவர் பொது விதியில் தொடங்கி, அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் இறங்குவார். ஆகவே ஊரார் அவர்களுக்கு ஏறுபடியார், இறங்குபடியார் என்று பெயர் வைத்தார்கள். இருவரும் நடுப்படியில் முட்டிக்கொள்ளாத நாளே கிடையாது.

அந்த நாட்டில் வழக்குத் தீர்க்க ஒரு முறை உண்டு. வாதம் சொல்பவர் ஒரு நாவல் கிளையை மண்ணில் நட வேண்டும். வாதத்தை உடைப்பவர் அதைப் பிடுங்கலாம். பொழுது சாயும்போது எந்தக் கிளை நிற்கிறதோ, அதுவே தீர்ப்பு.

ஒரு கோடையில் அரசனின் வெள்ளரித் தோட்டத்தில் மூன்று நாளில் மூன்று பழங்கள் காணாமல் போயின. உப்பு விற்கும் வெண்ணியின் கழுதை மைக்கண்ணி மூன்று காலையும் வேலிக்கு வெளியே நின்றது. காவலன் அதை இழுத்து வந்து அவையில் நிறுத்தினான். அரசன் தோட்டத்தில் மேய்ந்த விலங்கைச் சிறுத்தைக் காட்டில் விட வேண்டும் என்பது சட்டம்.

வெண்ணி கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வேறு உறவு இல்லை.

ஏறுபடியார் முதல் கிளையை நட்டார். “முதல் நாள் கழுதை நின்றது, பழம் போனது. இரண்டாம் நாள் கழுதை நின்றது, பழம் போனது. மூன்றாம் நாளும் அப்படியே. ஆகவே திருடியது கழுதை.”

“மூன்று நாளும் இந்தக் காவலரும்தானே ஐயா அங்கே நின்றார்? அவரையும் காட்டுக்கு அனுப்பலாமா?” என்றாள் வெண்ணி. அவை சிரித்தது. காவலன் சிரிக்கவில்லை. முதல் கிளை பிடுங்கப்பட்டது.

அவளுக்கு உதவ இறங்குபடியார் எழுந்து இரண்டாம் கிளையை நட்டார். “வயிறு நிறைந்த கழுதையெல்லாம் கத்தும். மைக்கண்ணி மூன்று நாளும் கத்தவில்லை. ஆகவே அதன் வயிறு நிறையவில்லை. ஆகவே அது பழம் தின்னவில்லை!”

“வயிறு நிறைந்தால் கத்தும் என்று யார் ஐயா சொன்னது?” என்று வெண்ணி கவலையோடு கிசுகிசுத்தாள்.

“அது எதற்கம்மா? வாதத்தில் ஓட்டை இருக்கிறதா, அதைப் பார்!”

வாதத்தில் ஓட்டை இல்லைதான். ஆனால் ஏறுபடியார் ஒரு கட்டுப் புல்லைக் கொண்டுவந்து போட்டார். மைக்கண்ணி அவ்வளவையும் தின்றது; காதை ஆட்டியது; மூச்சுக்கூட விடாமல் நின்றது. அவர் வாதத்தில் மற்றப் படிகளெல்லாம் கருங்கல், தொடங்கிய மேல் படி மட்டும் மணல். இரண்டாம் கிளையும் போயிற்று.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெண்ணி தானே ஒரு கிளையை எடுத்தாள்.

“நடுவதற்கு முன் தோட்டத்தைப் பார்க்க வேண்டும்” என்றாள்.

அவை முழுவதும் எழுந்து போயிற்று. முள்வேலியை மூன்று முறை சுற்றி வந்தார்கள். ஆள் உயரம், எங்கும் ஓட்டை இல்லை. கதவைத் தட்டிப் பார்த்தார்கள். உடைந்த அடையாளம் இல்லை. வேலிக்கு வெளியே கிடந்த பழத்தோலைப் பொறுக்கிப் பார்த்தார்கள். கத்தியால் சீவிய தோல்.

அங்கேயே வெண்ணி கிளையை நட்டாள்.

“தோல் இங்கே விழுந்தது, அதனால் என் கழுதை இங்கே வந்தது. ஏறுபடி ஐயா கண்டது மூன்றும் உண்மைதான். அதற்கு மேல் ஏறியதுதான் தப்பு. வேலியில் வழி இல்லை. உள்ளே போனவர் கதவைத் திறந்துதான் போனார். கதவு உடையவில்லை, திறந்தவர் சாவியால்தான் திறந்தார். மைக்கண்ணியிடம் சாவி இல்லை. ஆகவே மைக்கண்ணி தின்னவில்லை.”

“சாவி எத்தனை?” என்று ஏறுபடியார் ஆவலோடு கேட்டார்.

“ஒன்றுதான்” என்ற காவலன், தன் கால் விரல்களைப் பார்த்தான்.

யாரிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இறங்குபடியார் வாழ்நாளில் முதல் முறையாகக் கடைசிப் படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“இன்னும் ஒரு படி இருக்கிறது” என்றாள் வெண்ணி, தலை நிமிராமல். “என் கழுதையைக் காப்பாற்ற அது தேவையில்லை. நான் கால் வைக்க மாட்டேன்.”

முல்லைக்கோன் எழுந்தான். கிளையை நோக்கி நடந்தான். அவன் பிடுங்கிவிட்டால் கேட்பார் யார்? வெண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

அரசன் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தான். நாவல் கிளையில் மாட்டினான்.

“சளி பிடிக்கும், பழம் கூடாது என்றார் மருத்துவர். விடியுமுன் வந்து மூன்றையும் தின்றது நான்தான். அரசி முன்னால் காவலன் கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை” என்றான்.

“அப்படியானால் சிறுத்தைக் காடா?” என்றாள் அரசி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“வேண்டாம் தாயே, பாவம் சிறுத்தை!” என்றாள் வெண்ணி.

அன்று ஊர் எல்லைவரை உப்பு மூட்டையை அரசனே தோளில் சுமந்தான். மைக்கண்ணி வெறும் முதுகோடு பின்னால் நடந்தது.

“மூட்டை சுமக்கும் அரசர் ஒருவரைக் கண்டேன். இன்னும் இருவரைக் கண்டால் விதியே எழுதிவிடுவேன்” என்றார் ஏறுபடியார்.

கேட்டவர்களே, நீதி இதுதான்: கண்டதிலிருந்து ஏறினாலும் விதியிலிருந்து இறங்கினாலும், பிறர்மேல் பழி சொல்லுமுன் கால் வைக்கும் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்க்க வேண்டும், அது நம் வாசலிலேயே கொண்டுபோய் விட்டாலும்.