பைரவர் ஏறி வந்த வாகனம்

"நான் சாமி நிந்தனை பண்றேனா? நல்லா இருக்கே. ஒரு காலத்துல பனி இந்தப் புல்வெளி வரைக்கும் இருந்துச்சுன்னேன். அதுல எந்த சாமிக்கு வலிச்சுது? பனி ஒரு அடிகூட அசைஞ்சதில்லன்னு நீங்க சொல்லிட்டா ஆச்சா? உருகி உருகி மேல போயிருச்சு. விட்டுட்டுப் போன பள்ளத்துல ஏரி நிக்குது. அதுக்குக் கரை வெறும் சரளைக்கல்லு. ஒடைஞ்சா தண்ணி இப்படித்தான் வரும். இங்க சத்திரம் கட்டி ஜனங்களைத் தூங்க வைக்காதீங்கன்றேன். தப்பா?"

பூரணிக்கு மூச்சு வாங்குச்சு. இமயமலை உசரத்துல கோபப்படுறதுக்கும் காத்து வேணுமே.

எதுத்தாப்புல சத்திரக் கமிட்டித் தலைவர் அருணகிரி, பூமி பூஜைக்குக் கடப்பாரையோட நின்னாரு. சுத்தி மதுரையிலேர்ந்து வந்த யாத்திரைக் கூட்டம். எல்லாரும் அவர் பக்கம். பின்ன, அஸ்திவாரம் போடப்போறது பைரவர் பக்கத்துலயாச்சே. பைரவர்னா, புல்வெளி நடுவுல தனியா நிக்கிற யானை உசரக் கறுப்புப் பாறை. மேலேர்ந்து அவராவே வந்தாருன்னு ஐதீகம்.

பூரணியோட குரு சிதம்பர சாமி, அவளைவிட ரெண்டு வயசு சின்னவரு. ஓரமா உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருந்தாரு.

"நீங்களாச்சும் சொல்லுங்க சாமி, அந்தக் கல்லு எங்கேர்ந்தும் வரலன்னு."

"ஏன்? வந்தாருதானே."

பூரணிக்குச் சுருக்குன்னுச்சு. இவரும் கட்சி மாறிட்டாரா? "அப்ப நான் பொய் சொல்றேனா?"

"கடலை சாப்பிடு."

சாமி எழுந்து போயி, பைரவர் அடியில கெடந்த மண்ணைக் கையால தள்ளினாரு. கீழ வெள்ளைப் பாறை. அது மேல நீள நீளமா கீறல். எல்லாம் ஒரே பக்கமா, வடக்கே பனிமலையைப் பாத்து.

"இங்க எல்லாம் வெள்ளைப் பாறை. இவர் மட்டும் ஏன் கறுப்பு?"

"அந்தா, அங்கேர்ந்து வந்தவரு." கூட்டத்துல ஒருத்தர் பனிக்குப் பக்கத்துல நின்ன கறுப்புச் செங்குத்துப் பாறையைக் காட்டினாரு.

"நடந்தா?"

"நம்மூர்ல எந்த சாமி நடக்குது? வாகனத்துலதான்."

"பைரவருக்கு நாய்தானே வாகனம்?"

"இம்மாம் பெரியவரைத் தூக்குனா நாய் என்னத்துக்கு ஆகும்?"

சிரிச்சாங்க. சாமி கீறல்ல விரலை வெச்சாரு. "இது நகம் பட்டது இல்ல. அடியில கல்லைப் பதிச்சுக்கிட்டு, இவ்வளவு கனத்தையும் முதுகுல ஏத்திக்கிட்டு, தேய்ச்சுத் தேய்ச்சு ஊர்ந்து வந்த தடம். பூரணி, இந்த மலையில அப்படி என்ன இருக்கு?"

பூரணி மெதுவாத்தான் சொன்னா. "பனி."

கூட்டம் செருப்பைக் கழட்டுச்சு. ஒவ்வொருத்தரா குனிஞ்சு கீறலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. கமிட்டிப் பொருளாளர், ஒடைக்க எடுத்த தேங்காயைச் சத்தமில்லாம பைக்குள்ள போட்டாரு. பூரணிக்குச் சிரிப்பை அடக்க முடியல.

தலைவர் மட்டும் கடப்பாரையைக் கீழ வைக்கல.

சாமி அவரைப் பாத்துத் திரும்பினாரு. "சாமியை இறக்கினதும் வாகனம் மண்டபத்துக்குத் திரும்பிரும்ல தலைவரே? இதுவும் இவரை இறக்கிவிட்டுட்டு மேல போயிட்டே இருக்கு. பனி அசையவே இல்லன்னா, பைரவர் எதுல ஏறி வந்தாரு? எனக்குச் சொல்ல வேணாம். இங்க படுக்கப்போறவங்க எல்லாரும் நிக்கிறாங்க. அவங்க காது கேக்கச் சொல்லுங்க."