காய்ச்சலைப் படகில் ஏற்றியவன்

இந்தக் கதையில் ஒரு கொலை உண்டு. கொன்ற கை யாருடையது என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அதை நானே சொல்லிவிடுவேன். நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. நடுவில் புகுந்து பேசாமல் கேட்பதானால் சொல்கிறேன்.

மூச்சில் பரவும் தொற்றுக் காய்ச்சல் ஊர் ஊராக முடக்கிப் போட்டிருந்த காலம். குமரிக் கரையிலிருந்து ஒரு விசைப்படகு ஆழ்கடலில் பல வாரமாகக் கிடந்தது. அதில் நான்கு பேர். டிரைவர் வியாகுலம், நடுவயதுக்காரன், முன்கோபி. அவன் மச்சான் கிளமெண்ட், வியாகுலம் சொன்னால் எதையும் செய்கிறவன். எழுபதை நெருங்கிய சூசை. சூசையின் மகள் மெற்றில்டா பெற்ற பிள்ளை ரெக்ஸின், வயது இருபது. நால்வரும் திடமாகத்தான் இருந்தார்கள்.

ஐஸ் தீர்ந்துபோனது. வடக்கே ஒரு துறைமுகத்தில் படகை ஒதுக்கினார்கள். ஒரு படகுக்கு ஓர் ஆள்தான் இறங்கலாம் என்று அங்கே கட்டுப்பாடு. "நான் இறங்குதேன், எனக்கு இங்க பழக்கம் உண்டு" என்று எழுந்தார் சூசை.

வியாகுலம் விடவில்லை. "சூசையண்ணே, நீரு இரியும். இது வயசானவங்களத் தேடிப் பிடிக்கிற நோவு. பய போகட்டும், அவனுக்கு ஒண்ணும் வராது."

ரெக்ஸின் போனான். ஐஸ் கம்பெனி வாசலில் கூட்டத்தோடு நெருக்கியடித்து நின்று, ஐஸ் ஏற்றிக்கொண்டு திரும்பினான். மற்ற மூவரும் கரையில் கால் வைக்கவில்லை. மறுபடி ஆழ்கடல். வேறு படகு எதுவும் பக்கத்தில் வரவில்லை. பேரனும் தாத்தாவும் எப்போதும் போல ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்தார்கள்.

சில நாளில் சூசைக்குக் காய்ச்சல் கொதித்தது, இருமல் விடவில்லை. வியாகுலம் அவரைப் படகின் பின்பக்கம் தள்ளி வைத்தான். ரெக்ஸின் மட்டும் பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுத்தான். அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை, கல்லு மாதிரி இருந்தான். பிறகு ஒரு மத்தியானம் வியாகுலத்துக்கே உடம்பு சுட்டது. பயம் வந்துவிட்டது அவனுக்கு. அந்தப் பயத்தோடு இரும்புக் கம்பியை எடுத்தான், பாவி!

"கெழவா, நீதாம்லே இந்த நோவை ஏத்துனே! எங்க மூணு பேரையும் கொன்னுட்டுத்தான் போவியோ?"

முதல் அடி வாயில் விழுந்தது. பல் தெறித்தது. பாய்ந்து வந்த ரெக்ஸினைக் கிளமெண்ட் குப்புறத் தள்ளி, கழுத்தில் முழங்காலை ஊன்றி அமுக்கினான். வியாகுலம் கிழவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கடலில் தூக்கிப் போட்டான்.

சூசை முங்கி, மேலே வந்து, படகின் பக்கவாட்டில் தொங்கிய டயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வியாகுலம், கையக் குடுலே. நீயும் பிள்ள பெத்தவம்தானே!"

வியாகுலம் குனிந்து, பிடித்திருந்த விரல்களின் மேல் கம்பியை இறக்கினான். ஒரு கை போனது. மறு கையையும் அடித்து நொறுக்கினான். ரெக்ஸின் கிளமெண்டின் கையைச் சதை பிய்யக் கடித்து உதறிக்கொண்டு ஓடி வந்தபோது தண்ணீரில் சிவப்புதான் தெரிந்தது. தாத்தா இல்லை.

கரைக்கு வந்ததும் மூவருக்கும் சோதனை செய்தார்கள். மூவருக்கும் தொற்று இருந்தது, நோயின் சாயலே இல்லாத ரெக்ஸினுக்கும் இருந்தது. ரெக்ஸின் நடந்ததை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். போலீஸ் வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அங்கேதான் வியாகுலம் சாமர்த்தியமாக வாயைத் திறந்தான்.

"அடிச்சேன், மறைக்கல. ஆனா நோவை ஏத்துனவன்தான் சாவுக்குப் பொறுப்பு. கெழவன் ஏத்தியிருந்தா அது அவன் தேடிக்கிட்ட சாவு. இந்தப் பய ஏத்தியிருந்தா, தாத்தனக் கொன்னது பேரன். நான் மிச்ச உசிரக் காப்பாத்தப் பாத்தேன், அவ்வளவுதான்."

ரெக்ஸின் தரையில் உட்கார்ந்து தலையில் அறைந்துகொண்டான். "அம்மா, நாந்தான் கொன்னேன். நான் இறங்கியிருக்கக் கூடாது." அதைக் கேட்ட கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. சிலர் கையில் துடுப்பு. அப்பனையும் மகனையும் எதிர்பார்த்துக் கரைக்கு வந்திருந்த மெற்றில்டா மகனுக்கு முன்னால் போய் நின்றாள். அப்பனைக் கடல் கொண்டுபோயிற்று, இப்போது பிள்ளையும் போகப் பார்க்கிறான்.

சொல்லுங்கள், காய்ச்சலைப் படகில் ஏற்றியது யார்? சூசையின் சாவு யார் தலையில்?

விடை: ஏற்றியது ரெக்ஸின்தான். கடலில் எல்லோரும் திடமாக இருந்தார்கள், அதன்பின் கரையில் இறங்கியவன் அவன் ஒருவனே. முதலில் இருமியவரே முதலில் வாங்கியவர் என்று நினைப்பது தப்பு. இந்த நோய் இளவயதுக்காரர் உடம்பில் பல நேரம் அடையாளமே காட்டாமல் தங்கி, அடுத்தவருக்குத் தாவும். வயதானவரைத்தான் பெரும்பாலும் படுக்கப் போடும். எல்லோருக்கும் அப்படியே என்றில்லை, சாய்ந்துபோகிற இளசும் உண்டு, ஒன்றும் தெரியாத கிழவரும் உண்டு. பையனுக்கு நோவு தெரியாது என்பதை, பையனிடம் நோவே இருக்காது என்று எடுத்துக்கொண்டு அவனை அனுப்பியது வியாகுலம். ஆனால் சூசையைக் காய்ச்சல் கொல்லவில்லை. டயரைப் பிடித்துத் தொங்கும் தெம்பு அவரிடம் இருந்தது. கொன்றது கம்பி, அதற்குத் துணை நின்றது கிளமெண்டின் முழங்கால். தெரியாமல் நோயைச் சுமந்தவன் கொலைகாரன் ஆகமாட்டான். மெற்றில்டா இதைத்தான் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லி, மகனைக் கைப்பிடித்து எழுப்பினாள். சிலர் துடுப்பைக் கீழே போட்டார்கள். போடாதவர்களும் இருந்தார்கள், அவர்கள் நடுவிலேதான் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.