செல்லமாக ஒரு வெட்டு

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே குறும்பொறை என்றொரு நாடு இருந்த காலத்தில், அதை வீரமகுடன் என்ற ராஜா ஆண்டு வந்தான். உடம்பு பெரிது. கோபம் அதைவிடப் பெரிது. அவனுடைய மந்திரி அம்பலவாணர்மேல் சபையிலிருந்த தணிகைராயருக்குத் தீராத பொறாமை.

ஒருநாள் ராயர் சபையில் எழுந்தார்.

“மகாராஜா, சொல்ல நாக்கூசுகிறது. மந்திரி வீட்டுச் சுவரோரமாக வந்துகொண்டிருந்தேன். தங்களை ‘நம்ம பூசணி’ என்று மனைவியிடம் சொன்னார்.”

ராஜா மந்திரியின் பக்கம் திரும்பினான்.

“சொன்னீரா?” என்றான் ராஜா.

அம்பலவாணர் யோசித்தார். பொய் சொல்லலாம். ஆனால் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்; அவளுக்குப் பொய் வராது.

“சொன்னேன் மகாராஜா. செல்லமாகத்தான் சொன்னேன்.”

“செல்லமாகவா?” ராஜா உதட்டைச் சுழித்தான். “நல்லது. நானும் தண்டனையைச் செல்லமாகவே கொடுக்கிறேன். மாசானம், இவர் தலையைச் செல்லமாக வெட்டு.”

ராயர் மட்டும் சிரித்தார்.

சிரச்சேதம் செய்யும் சேவகன் மாசானம் வாளோடு வந்தான். மந்திரி மண்டியிட்டார். கல்தரையின் குளிர் முழங்காலில் ஏறியது. வாள் உயர்வது நிழலில் தெரிந்தது. அப்போதுதான் ராஜா சொன்ன வார்த்தை அவர் காதில் மறுபடி விழுந்தது.

“மாசானம், ஆணையில் ஒரு சொல் குறைந்தாலும் உன் தலை போகும். செல்லமாக வெட்டவேண்டும்” என்றார் மந்திரி.

நிழல் நின்றது. “அது எப்படிங்க ஐயா?”

“உன் பிள்ளையைச் செல்லமாக அடித்திருக்கிறாயா?”

“அடிச்சிருக்கேன்.”

“அழுததா?”

“சிரிச்சுதுங்க.”

“செல்லமாகக் கிள்ளினால்?”

“வலிக்காதுங்க.”

“அப்படி வெட்டு.”

ராயர் துள்ளி எழுந்தார். “பிதற்றல். அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. வெட்டடா.”

மந்திரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “அப்படியானால் மகாராஜா அர்த்தமில்லாமல் பேசினார் என்கிறீரா, ராயரே?”

ராயர் திரும்பி ராஜாவைப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டார்.

ராஜாவின் விரல்கள் சிம்மாசனப் பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன.

“மாசானம், நான் சொன்னது சொன்னதுதான். செய்.”

மாசானம் வாளைத் திருப்பி, தட்டைப் பக்கத்தால் மந்திரியின் பிடரியில் மெல்லத் தட்டினான். இரும்பு சில்லென்றிருந்தது. அவ்வளவுதான்.

“ராயரே, அடுத்தவர் வீட்டுச் சுவரோரம் நிற்க உமக்கு இனி நிறைய நேரம் கிடைக்கும். நாளை முதல் சபைக்கு வரவேண்டாம்” என்றான் ராஜா.

ராயர் போனபின் ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். குரலைத் தணித்துக் கேட்டான்: “எங்கே, இன்னொரு தடவை என்னைச் செல்லமாக அப்படிக் கூப்பிடும், கேட்கலாம்.”

“ஆணையிட்டால் வராது மகாராஜா. வீட்டில்தான் வரும்.”

ராஜா சிரித்துவிட்டான்.

“சரி, வீட்டுக்குப் போம்.”