முள் ஏறட்டும்

நாச்சிமுத்து வெள்ளிக்கிழமை தவறாமல் அழுகிற ஆள். மற்ற நாளெல்லாம் மனுஷன் கல்லாட்டம் இருப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரங்கநாயகி அம்மாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாரோ இல்லையோ, பொலபொலவென்று கொட்டிவிடும். குருவுக்கும் சீடருக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான், இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அம்மா ஒன்றும் பேசமாட்டார். இவர் அழுது முடித்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து, மனசு லேசானதும் பஸ் ஏறிவிடுவார்.

அழுகைக்குக் காரணம் இருந்தது. கோயமுத்தூரில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் அவர் மெஷின் ஓட்டுகிறார். பட்டுச் சேலையும் கோட்டும் அங்கே தண்ணீரில் அல்ல, மருந்தில் வெளுக்கும். துணியை விட்ட அழுக்கு கடைசியில் கறுப்புச் சேறாக மிஞ்சும். அதை டிரம்மில் போட்டு மூடி, கழிவு எடுக்கிற லாரிக்குக் கொடுக்கவேண்டும். முதலாளியா கொடுப்பார்? "பின்னாடி குழியில கொட்டு" என்பார். குழிக்குப் பக்கத்திலேயே, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற போர் பைப்பு. கொட்டுகிறவர் நாச்சிமுத்து, சொந்தக் கையால்.

ஒரு வாரம் மட்டும் அழுகைக்கு முன்னால் ஒரு பெருமை வந்தது.

"புது மெஷின் வந்திருக்குங்கம்மா. அதுல அழுக்கு வடிகட்டற பில்டரு தன்னைத்தானே கழுவிக்குது!"

"அதெப்படி?"

"உள்ள தட்டுத் தட்டா இருக்குங்க. அழுக்குப் படியப் படிய மீட்டருல முள் ஏறும். சிவப்பைத் தொட்டுட்டா தட்டெல்லாம் விர்ருனு சுத்தி, அத்தனையும் உதறிருது. முள் பொசுக்குனு இறங்கிக்கும். மறுபடி புதுசாட்டம் ஓட்டலாங்க. முந்தியெல்லாம் கழட்டி எடுத்து முழங்கை வரைக்கும் அப்பிக்கோணும்."

"நான் அதைப் பார்க்கணும்," என்றார் அம்மா.

நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. குருவே கடைக்கு வருகிறார் என்றால் சும்மாவா!

மறுநாளே அம்மா வந்தார். முதலாளி கும்பிட்டு நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை, நேரே மெஷினிடம் போனார். முள் ஏறியது. தட்டுகள் சுற்றின. முள் இறங்கியது.

"உதறினது எங்கே போச்சு?"

"அந்தக் கொதிக்கிற டாங்கிக்குங்க. மருந்து ஆவியாகி, தெளிஞ்சு திரும்ப வந்துரும். அழுக்கு அடியில தங்கிரும்."

"அந்த டாங்கியும் தன்னைத்தானே கழுவிக்குமா?"

"இல்லீங்க, நான் சுரண்டி எடுக்கோணும்."

"எடுத்து?"

நாச்சிமுத்து முதலாளி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அதான் வாரா வாரம் சொல்றனுங்களேம்மா."

"சொன்னே. காட்டு."

பின்பக்கம் லைன் வீட்டுத் துளசிமணி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடம் கையை நீட்டினார். "ஒரு வாய் தண்ணி குடு கண்ணு."

"மருந்து வாடை அடிக்குங்கம்மா. எங்களுக்குப் பழகிப்போச்சு. பிள்ளைகளுக்கு மட்டும் காய்ச்சிக் குடுக்கறேன்," என்று சொம்பை நீட்டினாள் அவள்.

அம்மா சொம்பை வாய்க்குக் கொண்டுபோனார். நாச்சிமுத்து பாய்ந்து வந்து பிடுங்கினார். தண்ணீர் மண்ணில் கொட்டியது.

"ஐயோ, குடிக்காதீங்கம்மா!"

"ஏன்?"

துளசிமணி குடத்தோடு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாச்சிமுத்து காலிச் சொம்பை அவள் கையில் திணித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா விறுவிறுவென்று நடந்தார். தெருமுனையில்தான், பின்னாலேயே ஓடி வந்த நாச்சிமுத்துவிடம் திரும்பினார்.

"வர்ற வெள்ளிக்கிழமை நீ வராதே."

"பின்ன இந்தப் பாரத்தை எங்கீங்கம்மா இறக்குவேன்?"

"இறக்காதே. முள் ஏறட்டும்."

இவரும் ஒரு குருவா என்று நாச்சிமுத்துவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தார். மெஷின் அந்த இரைச்சல் போட்டும், பின்னாடி குடம் நிரம்புகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது. போக்கிடம் இல்லை.

மறுநாள் காலையில் முதலாளி டிரம்மைக் காட்டினார். "நெறஞ்சுபோச்சு பாரு. கொண்டுபோய்க் கொட்டிட்டு வா."

நாச்சிமுத்து டிரம்மை மூடி, மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டேனுங்க."

"என்னய்யா, சொல்றது காதுல விழுகுதா இல்லையா?"

"விழுகுதுங்க. இனிமே என்ற கையால ஒரு சொட்டுக்கூட அந்தக் குழியில விழுகாது. லாரியைக் கூப்பிடுங்க."

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணுங்க. என்ற வீட்லயும் அடுப்பு எரியோணும். ஆனாலும் மாட்டேன்."

"அப்ப வெளியே போய்யா!"

நாச்சிமுத்து எழுந்தார். வாசல் பக்கம் போகாமல் பின்கதவு வழியாக லைன் வீட்டுக்குப் போய், நடுவில் நின்று கத்தினார். "இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க! மெஷின் கழிவு பூராவும் அந்தக் குழிக்குள்ளதான் இருக்குது. கொட்டுனது நான்தான். இந்தக் கைதான்!"

துளசிமணி தண்ணீரோடு குடத்தைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தாள். பிளாஸ்டிக் குடம்தான், இருந்தாலும் நெற்றி புடைத்துக்கொண்டது. ஆளாளுக்குத் திட்டினார்கள். அத்தனையையும் நின்று கேட்டுக்கொண்டார். மத்தியானம் ஈரச் சட்டையோடு அம்மா வீட்டுக்குப் போனார். வாசல் திறந்துதான் இருந்தது.

"வேலை போச்சுங்கம்மா. போலீசுல சொல்லுவேங்கறார் மொதலாளி. லைன் வீட்டு ஜனங்க காறித் துப்பறாங்க. நல்ல தண்ணி குடு, குழியைச் சுத்தம் பண்ணுனு பொம்பளைங்க எல்லாம் குடத்தோட ரோட்டுல உக்காந்துட்டாங்க. அவ்வளவும் சொல்லிட்டேன், இனி சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா முன்னைவிட மோசமா எரியுதுங்களே! இந்த மனசு எப்பத்தாங்கம்மா அமைதியாகும்?"

அம்மா எழுந்து வெளியே வந்து, கதவை இழுத்துப் பூட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? நட, நாமளும் போய் ரோட்டுல உக்காரலாம்."