சிறுத்தைக்குப் போட்ட இலை

"இந்த இலை யாருக்குத் தெரியுமா? சிறுத்தைக்கு!" என்று கத்தியது மயில் சிங்காரம்.

குளக்கரையில் மயில்கள் வைத்த விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. மான் எழுந்தே விட்டது.

"அட, ஜோக்குப்பா! உட்காருங்க!" சிங்காரம் விழுந்து விழுந்து சிரித்தது. பெண்டாட்டி கோமளாவும் கூடவே சிரித்தது.

ரெட்டைவால் குருவி சடையன் சிரிக்கவில்லை. காட்டுக்குச் செய்தி சொல்வது அதுதான். எங்கே பாம்பு, எங்கே தண்ணீர் என்று விடிந்ததும் மரம் மரமாகப் போய்ச் சொல்லும். அது சொன்ன பிறகுதான் மான்கூட்டம் புல்லில் வாய் வைக்கும்.

மயில்களுக்கு எதில் குறைச்சல்? குளத்தின் நிழல் கரை முழுக்க அவற்றுடையதுதான். ஆனால் பேர் வேண்டுமாம். போன மழையில் எலி வளைகள் முழுகினபோது, "எலிங்க வீட்டுக்குள்ளேயே நீச்சல் குளம் கட்டிடுச்சுங்க!" என்றது சிங்காரம். காடே திட்டியது. காடே அதைத்தான் பேசியது. சிங்காரத்துக்கு ஒரே குஷி. அந்தப் பேச்சைக் காடெல்லாம் கொண்டுபோனது யார்? இதே சடையன்தான். எலிகளைப் பார்த்தால் இன்றைக்கும் அதற்குத் தலை குனிந்துவிடும்.

அதனால் இந்தத் தடவை இலையை நன்றாகவே பார்த்தது. நிஜம்போல இருக்க வேண்டும் என்று அதில் மயில்கள் பச்சைக் கறி வைத்திருந்தன. பக்கத்து இலைக்கு முன்னால் மூன்று முயல் குட்டிகள்.

"குட்டிங்களை ஏன் அங்க உட்கார வெச்சீங்க?"

"அப்பத்தானே சுவாரசியம்!" என்றது கோமளா.

சடையனுக்கு உறுத்தியது. புதர்ப்பக்கம் பார்த்தது. காற்றே இல்லை. ஒரு செடி மட்டும் ஆடியது. திரும்பினால், இலையில் கறியைக் காணோம்!

"அண்ணே, கறி எங்க?"

"நரி எடுத்திருக்கும்" என்றது சிங்காரம்.

"நரி ஆத்துக்கு அந்தப்பக்கம் போயிருக்கு. காலையில நான்தானே செய்தி சொன்னேன்!"

"உன் சந்தேகத்தைத் தூக்கிக் குப்பையில போடு! வாயைத் திறந்து சிரி!"

சடையன் வாயைத் திறந்தது. "சிறுத்தை! நிஜமான சிறுத்தை! ஓடுங்க!" என்று அலறியது.

குட்டிகள் வளைக்குள் பாய்ந்தன. மறுகணம் பந்தி நடுவில் வந்து குதித்தது சிறுத்தை. அதன் வாயில் சிக்கியது சிங்காரத்தின் தோகை மட்டும்தான்.

மறுநாள் மொட்டை முதுகோடு சிங்காரம் வந்தது. "டேய், சிறுத்தையோட நான் தனியாளா மோதினேன்னு சொல்லு! பெரிய செய்திடா இது!"

சடையன் பறந்தது. முதலில் எலிகளிடம் போனது. சிறுத்தை எந்தப் பாறையில் படுத்திருக்கிறது, எந்த வழியாகத் தண்ணீருக்குப் போகலாம் என்று சொன்னது.

அடுத்தவர் பயத்தைக் கிண்டலாக்கிப் பேர் வாங்கப் பார்ப்பவர்களுக்கு நம் வாயைக் கடன் கொடுக்கக் கூடாது; சடையனும் கொடுக்கவில்லை, சிங்காரம் சொல்லச் சொன்னதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.